எல்லாப் பட்டையும் பச்சை

அண்ணாச்சி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விடுங்களேன். காத்து வேணாம்னு இல்ல, மடியில இருக்கிற டப்பா பறந்துரும். ஸ்வீட் டப்பா. மூடி ஒரு அளவு, அடி ஒரு அளவு. சிவகாசியில அச்சாபீஸ்காரன்கிட்ட காட்டிச் சண்டை போட்டு, மாத்தி வாங்கிட்டு வரணும். நீங்களும் சிவகாசிதானா? நல்லதாப் போச்சு.

என்னைப் பாத்தா டப்பா மாத்த அலையுற ஆள் மாதிரியா இருக்கு? சொல்லுங்க. சென்னையில புராஜெக்ட் மேனேஜரா இருந்தவன் அண்ணாச்சி நான். எனக்குக் கீழ ஒரு மாடி நிறைய ஆளு. நான் லேப்டாப்பைத் திறந்தா அவங்க வாயை மூடுவாங்க. அப்படி இருந்த என்னை, பஸ்ஸுல டப்பாவோட அனுப்புனது யாருன்னா, என் பொண்டாட்டி.

எனக்கு மாயவரம் பக்கம். கோவில்பட்டி மாமனார் ஊரு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தருமராசு ஸ்வீட் கடைன்னு கேட்டா காட்டுவாங்க, அவருதான் மாமா. நீங்க மனசுல என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். வீட்டோட மாப்பிள்ளைன்னுதான? அப்படி இல்ல. கம்பெனியில ஆள் குறைச்சாங்க. நானும் வேலையை விடணும்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். ரெண்டும் ஒரே நாள்ல வந்துருச்சு, அவ்வளவுதான். சரி, கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவோம்னு வந்தோம். கொஞ்ச நாள் நீண்டுக்கிட்டே போச்சு.

மரியாதைக்குக் குறைச்சல் இல்ல. அதைச் சொல்லிரணும். நான் எந்திரிச்சா வீடே எந்திரிக்கும். மாமா பேப்பரை மடிச்சுக் கையில கொடுப்பாரு. அத்தை மீன் குழம்புல நடுத்துண்டத்தை எனக்குன்னு எடுத்து வைப்பாங்க. "மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு வச்சுக்கிடுங்க, மாப்பிள்ளை, வெயில்ல போகாதீக." ஆனா அண்ணாச்சி, வேலை இல்லாம ஒருத்தன் எத்தனை நாளைக்கு நடுத்துண்டம் தின்ன முடியும்? தொண்டையில இறங்காது. தெருவுல போனா, "மாப்பிள்ளை லீவா?"ம்பாங்க. லீவுன்னு சொல்லுவேன். மறுநாளும் கேப்பாங்க.

அப்பத்தான் மாமா புதுப் பட்டறை கட்டணும்னாரு. பட்டறைன்னா பலகாரம் போடுற இடம். கடைக்குப் பின்னாடி இருந்தது சின்ன இடம், தீபாவளி ஆர்டருக்குப் பத்தாது. பைபாஸ் பக்கம் மனை கிடந்துச்சு. நான் சொன்னேன், "மாமா, இதை என்கிட்ட விடுங்க. நான் பிளான் போட்டு முடிச்சுத் தாரேன்." அவரு யோசிச்சாரு. யோசிச்சிட்டு, "சரி மாப்பிள்ளை. ஆவணியில கடைசி முகூர்த்தத்துக்குப் பால் காய்ச்சிரணும். முடிச்சிட்டா, அதை நடத்துறதும் நீங்கதான்"ன்னாரு. எனக்கு அன்னைக்குத்தான் சோறு இறங்குச்சு.

நான் போட்டேன் பாருங்க ஒரு சார்ட்டு. கான்ட் சார்ட்டும்பாங்க. அதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. வேலை எத்தனை நாளோ, பட்டை அவ்வளவு நீளம். அஸ்திவாரம் முடிஞ்சாத்தான் சுவருன்னா, அஸ்திவாரத்து வாலுல இருந்து சுவரு தலைக்கு ஒரு அம்புக்குறி. வேலை ஆக ஆக பட்டை பச்சையாகும். எது தள்ளிப்போனா எல்லாமே தள்ளிப்போகுமோ, அதுக்கு மட்டும் சிவப்பு விளிம்பு. பாக்கவே அவ்வளவு அழகு. கலர்ல பிரிண்ட் எடுத்து ஹால்ல ஒட்டினேன். அத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு, "சேலை பார்டர் மாதிரி நல்லாருக்கு"ன்னாங்க. அத்தைக்கே பிடிச்சிருந்துச்சு.

மாமா மட்டும் ஒண்ணு கேட்டாரு. "மாப்பிள்ளை, இதுல ராகுகாலம் வருதா?" வரலைன்னேன். அவரு முகம் சுருங்கிருச்சு. மனுஷன் மனசைக் கஷ்டப்படுத்துவானேன்னு, தினமும் ராகுகாலத்தையும் எமகண்டத்தையும் லீவு நேரமாப் போட்டுக் கொடுத்தேன். சாஃப்ட்வேருக்கு என்ன தெரியும், அது ஒவ்வொரு வேலையையும் தள்ளிக்கிட்டே போயி, தளம் போடுறதைக் கொண்டு போயி ஆடியில வச்சிருச்சு. ஆடியில தளம் போட மாட்டேன்னுட்டாரு மாமா. திரும்ப முன்னாடி கொண்டு வரணும். எப்படிக் கொண்டு வந்தேன்னு நினைக்கிறீங்க? மவுஸால பட்டையைப் பிடிச்சு இழுத்தேன். வந்துருச்சு! கம்ப்யூட்டருல இருக்கிற சுகமே அதுதான் அண்ணாச்சி. கொத்தனாரைப் பிடிச்சு இழுத்தா வருவாரா?

டிக்கெட் எடுத்தாச்சு கண்டக்டர். ரெண்டு தடவை கேக்கீங்க.

திங்கக்கிழமை திங்கக்கிழமை மீட்டிங். நம்ம கடை வடை, காபி. அந்தோணிமுத்து கொத்தனார் வருவாரு, நம்ம கடை ஸ்வீட் மாஸ்டர் சண்முகையா வருவாரு. நல்ல மனுஷங்க, குறை சொல்லக் கூடாது. நான் லேப்டாப்பைத் திறந்து வச்சு ஒவ்வொண்ணாக் கேப்பேன். "கொத்தனாரே, சுவரு?" "ஆயிரும் மாப்பிள்ளை." "மாஸ்டர், அடுப்பு விஷயம்?" "அது ஆன மாதிரிதான மாப்பிள்ளை." இதை எப்படி சாஃப்ட்வேருல ஏத்துறது? நானே ஒரு கணக்கு வச்சேன். ஆயிரும்னா முக்கால்வாசி. ஆன மாதிரிதான்னா முக்காலுக்கும் மேல. ஒண்ணும் சொல்லாம சிரிச்சாங்கன்னா பாதி. அதுப்படி போட்டுக்கிட்டே வந்தேன். எல்லாப் பட்டையும் பச்சை. சென்னையில கூட எனக்கு அப்படி ஒரு பச்சை அமைஞ்சது இல்ல.

நான் லேப்டாப் முன்னாடியே உக்காந்திருந்தேன்னு நினைக்காதீங்க. நேருலயும் போவேன். நான் போயி வண்டியை நிறுத்துறேனோ இல்லியோ, "மாப்பிள்ளை வந்தாச்சு"ன்னு ஒரு சத்தம். சாரத்துல நிக்கிறவன் இறங்குவான். கலவை போடுறவங்க கையைக் கழுவிட்டு வருவாங்க. வேப்பமரத்தடியில சேர் போட்டு, துண்டால தட்டி விட்டு, ஒருத்தன் ஓடிப் போயி கலர் சோடா வாங்கிட்டு வருவான். நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒருத்தர் கூட வேலையைத் தொட மாட்டாங்க அண்ணாச்சி, அப்படி ஒரு மரியாதை. உள்ள போயி பாக்கலாமான்னு கேட்டா, "உள்ள ஒரே தூசி மாப்பிள்ளை, வேட்டி கெட்டுப் போகும்"பாரு கொத்தனார். சரின்னு வெளிய இருந்தே பாத்துட்டு வருவேன்.

வேலை கொஞ்சம் சுணங்குற மாதிரி தெரிஞ்சுச்சு. விடுவேனா? காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு போக ஆரம்பிச்சேன். இன்னும் சுணங்குச்சு. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

பத்திரிகை அடிச்சாச்சு. ஊரெல்லாம் கொடுத்தாச்சு. பால் காய்ச்ச சரியா ரெண்டு வாரம். அன்னைக்கு ஏதோ தோணி உச்சி வெயில்ல போனேன். எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க. சேர் போட ஆள் இல்ல, கலர் வாங்க ஆள் இல்ல. எவ்வளவு நேரம் மொட்டையா நிக்கிறதுன்னு உள்ள போயிட்டேன்.

போயி பாத்தா, அடுப்பு இல்ல அண்ணாச்சி. அடுப்பு வேண்டிய இடத்துல செங்கல் குவிஞ்சு கிடக்கு, அது மேல ஒரு நாய் படுத்துத் தூங்குது. புகைபோக்கி இருக்க வேண்டிய இடத்துல ஓட்டை, அது வழியா வானம் தெரியுது. கையில லேப்டாப் இருக்கு. திறந்து பாக்குறேன். அடுப்பு, பச்சை. புகைபோக்கி, பச்சை. நாய் என்னை ஒரு தடவை பாத்துட்டுத் திரும்பப் படுத்துக்கிச்சு.

கொத்தனார் பல்லுக்குத்திக்கிட்டே வந்தாரு. "புகைபோக்கி எங்கய்யா?"ன்னேன். "ஓட்டை விட்டாச்சுல்லா மாப்பிள்ளை, அப்ப ஆன மாதிரிதான"ன்னாரு. சொல்லிக்கிட்டே சேரை எடுத்துட்டு வாராரு!

அங்கயே அழுகை முட்டிருச்சு. சும்மா சொல்லல. இது போச்சுன்னா நான் மறுபடியும் லீவுல வந்த மாப்பிள்ளை. வாழ்நாள் பூரா நடுத்துண்டம். வீட்டுக்கு வந்து செல்விகிட்ட சொன்னேன். செல்விதான் என் வீட்டுக்காரி, முத்துச்செல்வி. சார்ட்டைக் காட்டிச் சொன்னேன். அவ சார்ட்டைப் பாக்கவே இல்ல, என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் கொண்டையை முடிஞ்சுக்கிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்துட்டுக் கிளம்பிட்டா. நானும் பின்னாடியே ஓடினேன்.

மாஸ்டரையும் பட்டறைக்கு வரச் சொல்லிட்டு என்ன செஞ்சா தெரியுமா? திட்டினா. அவ்வளவுதான் செஞ்சா. பிளான் கிடையாது, மீட்டிங் கிடையாது, வடை கிடையாது. "ஏன் நிக்கு? யாரால நிக்கு?" இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டா. கொத்தனார் சொல்றாரு, "நான் என்ன செய்ய தாயி? அடுப்பு வாய் எந்தப் பக்கம்னு மாஸ்டர் சொல்லலியே." மாஸ்டர் சொல்றாரு, "புகைபோக்கி எங்க வருதுன்னு தெரியாம நான் எப்படிச் சொல்ல? கொத்தனாருல்லா சொல்லணும்?" அவரு இவருக்காக நிக்காரு, இவரு அவருக்காக நிக்காரு. சார்ட்டுல அந்த ரெண்டுக்கும் நடுவுல அம்புக்குறி இல்லதான். ஆடிக்கு முன்னாடி கொண்டு வர இழுத்தேன்ல, அப்ப அறுந்துருக்கும். அது சாஃப்ட்வேர் பண்ணுற கோளாறு.

"இதை ஏன் அவருகிட்ட சொல்லல?"ன்னு என்னைக் காட்டிக் கேட்டா. கொத்தனார் தலையைச் சொறிஞ்சாரு. "மாப்பிள்ளைட்ட போயி எப்படித் தாயி ஆகலன்னு சொல்ல? நல்லாவா இருக்கும்?"

பாத்தீங்களா, பொறுப்பில்லாத பதில்.

"உங்க நல்லாவை வச்சுத்தான் நாய் படுத்திருக்கு"ன்னா செல்வி. அப்புறம் கொடுத்தா பாருங்க. அவங்க வயசென்ன, இவ வயசென்ன. நான் கண்ணை மூடிக்கிட்டேன். ஆனா ஒரு அதிசயம் அண்ணாச்சி, திட்டு வாங்கிக்கிட்டே ரெண்டு பேரும் சிரிக்காங்க. "உங்க அம்மை மாதிரியே பேசுதியே தாயி"ன்னு அவங்களுக்கு ஒரு சந்தோஷம். திட்டு வாங்குறதுல என்ன சந்தோஷம், எனக்கு விளங்கல. சாயங்காலத்துக்குள்ள அடுப்புக்கு முதல் வரிசைக் கல்லு வச்சாச்சு.

என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. "என்னங்க, ஒரு உதவி. பால் காய்ச்சுற வரைக்கும் நீங்க அந்தப் பக்கம் வரவே வேணாம். வீட்டுல இருந்து சார்ட்டைப் பாத்துக்கங்க." அவளுக்கும் சார்ட்டோட அருமை கடைசியில புரிஞ்சுதேன்னு இருந்துச்சு. நான் ஒரு நிமிஷம் கண்ணை எடுக்கல. நான் அப்படிக் கவனிச்சதுல வேலை என்ன வேகம்ங்கிறீங்க! அடுப்பு, புகைபோக்கி, டைல்ஸ், கேஸ் லைன், எல்லாம் பறந்துச்சு. முகூர்த்தத்துக்கு முதநாளு வெள்ளையடிச்சு முடிச்சிட்டாங்க. சார்ட்டு தேதி ஒரு நாள் கூடத் தப்பல. இதை நான் சொன்னா செல்வி ஒரு மாதிரி சிரிப்பா.

சாத்தூர் வந்துருச்சு. வெள்ளரிக்காய் சாப்பிடுறீங்களா? நான் வாங்குறேன், அட சும்மா இருங்க.

பால் காய்ச்சுற அன்னைக்கு ஊரே வந்திருந்துச்சு. முதல் ஈடு பூந்தி பொரிச்சு, லட்டு பிடிச்சு, சாமிக்கு வச்சாச்சு. மாமா மடியில இருந்து பட்டறைச் சாவியை எடுத்தாரு. நான் பட்டு வேட்டி கட்டியிருந்தேன். ஒரு அடி முன்னாடி வந்தேன். கையையும் நீட்டிட்டேன் அண்ணாச்சி. நீட்டின கையைத் தாண்டிச் சாவி போகுது. போயி செல்வி கையில உக்காந்திருச்சு. நீட்டின கையை என்ன செய்யுறது? அப்படியே தலைக்குக் கொண்டு போயி முடியைக் கோதிக்கிட்டேன். வீடியோக்காரன் அதையும் எடுத்துட்டான்.

மாமா என்ன சொன்னாருன்னு கேளுங்க. கோவமாச் சொல்லல, அவ்வளவு பாசமாச் சொன்னாரு. "மாப்பிள்ளை நம்ம வீட்டு விருந்தாளி. அவுகளைப் போயி அனல்ல நிக்க வைக்கலாமா? மருவாதியா இருக்குமா?" எல்லாரும் தலையை ஆட்டினாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு, அவங்க வீட்டுலயே இருந்துக்கிட்டு, நான் விருந்தாளி! வேலையத்தவன்னு சொல்லியிருந்தாக் கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

சாயங்காலம் பெட்டியை எடுத்துக் கட்டில் மேல வச்சேன். சென்னையில நண்பன் ஒருத்தன் வேலை பாத்துச் சொல்றேன்னு சொல்லியிருந்தான். செல்வி வந்து பெட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்தா. "உங்களுக்கு என்னதான் வேணும்?"ன்னா. "எனக்கு வேலை வேணும்"னேன். "வேலைன்னா திட்டு விழும்." "விழட்டும்." "எங்க ஆளுங்க உங்களைத் திட்ட மாட்டாங்களே"ன்னா. சொல்லிட்டு யோசிச்சா. "சரி, தீபாவளிக்கு ஆள் பத்தல. காலையில பேன்ட் போட்டுக்கிட்டு வாங்க. வேட்டி வேணாம்."

மறுநாள் போனேன். மாஸ்டர் சேரை எடுத்துட்டு வந்தாரு. செல்வி அதை வாங்கி அது மேல மாவு மூட்டையை வச்சிட்டா. என்னை டப்பா கட்டுற பக்கம் விட்டா. நான் கட்டுறேன், மாஸ்டர் பாக்காரு, "நல்லாருக்கு மாப்பிள்ளை"ங்காரு. நான் அந்தப் பக்கம் திரும்பினதும் அவரே பிரிச்சுத் திரும்பக் கட்டுதாரு. ஓரக்கண்ணால பாத்துட்டேன். நான் கிண்டி அடிப்பிடிச்ச பாகுக்கும் நல்லாருக்கு, நசுங்கின லட்டுக்கும் நல்லாருக்கு. நான் எது செஞ்சாலும் நல்லாருக்கு. மனசு விட்டுப் போச்சு. இந்த வீட்டுல நான் கடைசி வரைக்கும் விருந்தாளிதான்னு முடிவு பண்ணிட்டேன்.

டப்பா ஆர்டர் மட்டும் முழுசா நான் பாத்தேன். அதுக்கும் ஒரு குட்டி சார்ட்டு போட்டேன். அடி ஒரு பட்டை, மூடி ஒரு பட்டை, ரெண்டும் தனித்தனியா வேகமா வரட்டும்னு...

ஒரு நிமிஷம் அண்ணாச்சி, ஃபோன். ஹலோ, சொல்லுங்க மாஸ்டர். சாத்தூர் தாண்டிட்டேன். இல்ல மாஸ்டர், அது வந்து... ஆமா மாஸ்டர். அளவு நான்தான் கொடுத்தேன். இல்ல, ரெண்டு தடவையா... சரி மாஸ்டர். கேக்குது, கேக்குது, கத்தாதீங்க. சரி. வாங்கிட்டு வந்துடுறேன். சரி... வச்சிட்டாரு.

உங்களுக்கே கேட்டிருக்குமே? முன் சீட்டுல இருக்கிறவரே திரும்பிப் பாத்துட்டாரு. "எங்க இருக்கீக? லட்டைப் பிடிச்சு வச்சிட்டு டப்பா இல்லாம நிக்கோம், தரையிலயா கொட்டுறது? கிறுக்குத்தனமா ரெண்டு அளவு கொடுத்திருக்கீகளே, அடியும் மூடியும் ஒண்ணாத்தான சேரணும்னு ஒரு மனுஷனுக்குத் தெரியாதா? இந்த வேலை ஆகல, ஆகல, ஆகவே இல்ல, கேட்டுக்கிடுங்க!" இவரு இத்தனை நாள்ல என்கிட்ட இவ்வளவு நீளமாப் பேசினதே இல்ல. மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை வரலியே, கவனிச்சீங்களா? பின்னாடி செல்வி சிரிக்கிற சத்தம் வேற கேட்டுச்சு. மாமாவும் அங்கதான் நின்னிருப்பாரு, ஒரு சொல் தடுத்தாரா? தடுக்கல. மரியாதை எல்லாம் போச்சு அண்ணாச்சி, சுத்தமாப் போச்சு.

என்ன சிரிக்கீங்க? நான் சிரிக்கிறேனா? நானா? வெயிலு கண்ணுல அடிக்குது, அதான்.

சென்னையா? அந்த நண்பன் போன வாரமே கூப்பிட்டுட்டான். வேலை இருக்கு, வந்து சேருன்னான். நானும் வாரேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். ஆனா எப்படிப் போறது, நீங்களே சொல்லுங்க. முதல்ல இந்தத் தீபாவளி முடியணும். அது முடிஞ்சதும் கார்த்திகைக்குப் பொரி உருண்டை. அதையும் தாண்டினா, இப்ப ஃபோனை வைக்கும்போது மாஸ்டர் என்ன சொன்னாரு தெரியுமா? "பொங்கலுக்கும் இப்படிச் சொதப்புனீகன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்"னாரு. பொங்கலுக்கு! அது வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்னு அவரா முடிவு பண்ணிட்டாரு அண்ணாச்சி. என்னை ஒரு வார்த்தை கேக்கல.